குடிமராமத்தும் குடியுரிமையும்

நம் நாட்டில் ஓர் ஊரின் நிலையை அறிய விரும்புவோர் முதலில் அவ்வூர்க் கோயிலையும், அடுத்து அவ்வூர் ஏரியையும் நோக்குதல் வழக்கம். கோயில் மதிலிற் புல் முளைத்திருப்பினும், ஏரியில் நீர் நிற்குமாயின் ஊர் பிழைத்திருக்கும். ஏரி பாழாயின், கோயிலில் விளக்கெரிவதும் அரிதாகும். இவ்வுண்மையை அறியாதார் நம்முள் ஒருவருமிலர். அறிந்திருந்தும், நம் ஏரிகளுட் பல மேடிட்டும், கரை தளர்ந்தும், சீமைக்கருவேலங் காடாகியும் கிடக்கின்றன. இதற்குக் காரணம் யாது, இதனைத் தீர்க்கும் வழி யாது என்பன பற்றி நாம் கொண்டுள்ள கருத்தை, நம் கல்லூரி மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் பழைய மாணவராகிய பெரியோர்க்கும் பணிவுடன் எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

சென்ற கோடை விடுமுறையில் நண்பர் ஒருவரது ஊருக்குச் சென்றிருந்தோம். ஊர்ப்பெயர் ஈண்டு வேண்டுவதன்று. அவ்வூர்க் கண்மாயின் நடுமதகிலே ஷட்டர் துருவேறி, முற்றும் இறங்காமல் ஒரு சாண் உயரத்தில் நின்றுவிட்டது. அதனால், பயிருக்கு வேண்டாத நாளிலும் இரவும் பகலும் நீர் வடிந்து வீணாயிற்றென ஊரார் கூறினர். ஊர் எல்லையிலேயே வெல்டிங் பட்டறை ஒன்று உளது. அங்குள்ளோர்க்கு இஃது ஒரு பகல் வேலை. “நீங்களே செப்பனிடலாகாதோ?” என வினவினோம். ஆங்கிருந்த முதியவர் ஒருவர் சிரித்து, “தம்பி, அது சர்க்கார் மதகு. கைவைத்தால் வழக்கு வரும். கைவைக்காவிட்டால் வயல் காயும். மூன்று வருஷமாக மனுக் கொடுக்கிறோம்” என்றார். அவரே பின்னர், தம் பாட்டனார் காலத்தில் வைகாசி மாதம் பிறந்தால் வீட்டுக்கு ஓராள் மண்வெட்டியுடன் வரத்துக்காலுக்குச் செல்வது வழக்கமென்றும், செல்லாத வீட்டாருக்கு அவ்வாண்டு முறைத்தண்ணீர் கடைசியிலேதான் கிடைக்குமென்றும் கூறினார். ஒரு பகல் வேலைக்கு மூன்று ஆண்டு காத்திருக்கும் ஊரும், ஆண்டுதோறும் தானே மண்வெட்டியெடுத்த ஊரும் ஒரே ஊர்தான். இடையில் நிகழ்ந்தது யாதென ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண், ஏரிப்பாசனத்தின் இயல்பைச் சிறிது நோக்குவோம். கிணறு ஒருவனுடையது, அவன் வேண்டியபோது இறைத்துக்கொள்வான். ஏரி அத்தகையதன்று. வரத்துக்காலில் ஒருவர் வரப்பை நீட்டினால், ஏரி நிரம்பாது அனைவரும் இடருறுவர். தலைமடைக்காரர் தம் வயலில் வேண்டிய அளவிற்குமேல் நீரைத் தேக்கினால், கடைமடையில் கதிர் பால்பிடிக்கும் பருவத்திற் பயிர் கருகும். கலங்கலின்மேல் மண்ணைக் கொட்டி உயர்த்தினால், தன் ஆயக்கட்டுக்கு நீர் மிகும். ஆனால், நீர்பிடிப்பில் உள்ளார் நிலம் மூழ்கும், கீழேரிக்கும் நீர் செல்லாது. நம் ஏரிகள் சங்கிலிபோல் ஒன்றன் மிகுநீர் மற்றொன்றுக்கு வரவாகுமாறு அமைக்கப்பட்டவை. ஆதலால், ஓர் ஊர் செய்யும் நன்மையும் தீமையும் அடுத்த ஊரையும் சாரும். இவ்வாறு பலர் நலமும் ஒன்றோடொன்று பிணைந்த பொருளை, பலரும் கூடியே காத்தல் வேண்டும்; வேறு வழியில்லை.

நம் முன்னோர் இதனை நன்குணர்ந்திருந்தனர் என்பதற்குக் கல்வெட்டுக்களே சான்று. காஞ்சிபுரத்தை அடுத்த உத்தரமேரூரில், முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளிற் பொறிக்கப்பட்ட கல்வெட்டுக்கள் குடவோலை முறையை விளக்குகின்றன. ஊரவையின் வாரியங்களுள் ஏரிவாரியமும் ஒன்று. அதற்கு அறுவர் உறுப்பினர். முன்னர் வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் குடவோலைக்கு உரியராகார். அண்மையில் வாரியஞ் செய்தவர் மூன்றாண்டு கழியுமுன் மீண்டும் வாரியராதலும் இயலாது. பதவி ஓராண்டளவே. கணக்குக் காட்டுதல், பதவி மாறுதல் என்னும் இவ்விரண்டையும் ஆயிரத்து நூறு ஆண்டுகட்கு முன்னரே ஏரிக்காவலுக்கு இன்றியமையாதனவாக வைத்தனர் என்பது நாம் பெருமைப்படத் தக்கதே.

ஆயினும், பெருமையோடு அமைந்துவிடுதல் நேர்மையாகாது. உத்தரமேரூர் ஒரு பிரமதேயம். வரி செலுத்தும் கால்வேலி நிலமேனும் உடையராய், முப்பத்தைந்து வயதிற்கு மேற்பட்டும் எழுபதிற்கு உட்பட்டும், வேதக்கல்வியுடையராயும் உள்ள ஆடவரே அங்குக் குடவோலைக்கு உரியர். அந்நிலத்தை உழுதவன் பெயர் அக்குடத்தில் இல்லை. நாற்று நட்ட பெண்ணின் பெயரும் இல்லை. ஏரிவேலையிலோ, அவர்களே முன்னின்றனர். பிற்காலத்திலும் மடை திறந்தும் அடைத்தும், வயல்தோறும் நீர் பாய்ச்சியும், வெள்ளக்காலத்தில் இரவெல்லாம் கரைமேற் காவலிருந்தும் உழைத்த நீர்க்கட்டி, கம்புகட்டி, மடையர் என்போர் பெரும்பாலும் நிலமற்ற, ஒடுக்கப்பட்ட குலத்தினர். தனக்கென வயலில்லாதவனே நடுவுநிலைமையுடன் நீர்பங்கிடுவான் என்று அதற்குக் காரணம் கூறுவர். அவனுக்குரிய ஊதியம் களத்துமேட்டில் அளந்துபோட்ட சில மரக்கால் நெல். ஆகவே, பழைய முறையை அவ்வாறே மீட்க வேண்டுமென்போருடன் நாம் முழுதும் உடன்படுகின்றிலோம். அம்முறையின் ஒழுங்கு வேண்டும். அதன் மேல்கீழ் வேண்டா.

இனி, அம்முறை சிதைந்த வரலாற்றைக் கூறுவோம். கும்பினியார் ஆட்சியில் நிலவரி மேன்மேலும் உயர்ந்தது. ஏரிப் பராமரிப்புக்கென ஊர் விளைவிலிருந்து ஒதுக்கப்பட்டுவந்த பங்குகளும் மானியங்களும் படிப்படியாகச் சுருங்கின. பெரும்பணிகளைச் சர்க்கார் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. ஆனால், சிறுபணிகளைக் குடிகளே செய்தல் வேண்டுமென்றும், அதுவே பண்டை வழக்கமாகிய குடிமராமத்து என்றும் விதித்தது. 1858ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம், அவ்வழக்க உழைப்பைச் செய்யாதவரிடம் பணந் தண்டிக்கவும் இடந்தந்தது. 1883ஆம் ஆண்டில் ஏரிச் சீரமைப்புத் திட்டமொன்றும் தொடங்கப்பெற்றது. இவ்வளவிலும் நாம் நோக்கவேண்டியது ஒன்று. குடிகளிடம் எஞ்சியது மண்வெட்டி. நீரைப்பற்றி முடிவுசெய்யும் அதிகாரமும், நீரால் வரும் வருவாயும் கச்சேரிக்குச் சென்றன. உரிமையின்றிக் கடமையை மட்டும் கேட்டபோது, கடமையும் நாளடைவில் மறைந்தது. மக்கள் சோம்பரானார் என்று அக்காலத்து அதிகாரிகள் குறைகூறினர். தன்னதல்லாத வீட்டுக்கு வெள்ளையடிக்க மனமுவந்து வருவார் யாவர்?

விடுதலைக்குப் பின்னரும் இப்பிளவு நீங்கிற்றில்லை. 1948ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்தால் ஜமீன் ஏரிகளும் சர்க்காரைச் சேர்ந்தன. இன்று தமிழ்நாட்டிலுள்ள ஏறத்தாழ 40,000 ஏரிகளுள், 100 ஏக்கருக்கு மேற்பட்ட ஆயக்கட்டுடையவை பொதுப்பணித் துறையின் வழிவந்த நீர்வளத் துறையிடமும், அதனிற் குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களிடமும் உள்ளன. ஒரே ஏரியில் நீர் ஓர் இலாகாவினது. கரைமரம் மற்றோர் இலாகாவினது. மீன்பாசி ஏலம் வேறொருவர் கையில். ஆக்கிரமிப்பை அகற்றும் அதிகாரம் வருவாய்த் துறையிடம். இத்தனை உரிமையாளர் நடுவே, அவ்வேரி நீரையே நம்பி வாழும் உழவனுக்கு மனுக்கொடுக்கும் உரிமை மட்டும் எஞ்சியுளது.

இதற்கிடையில் கிணறுகள் பெருகின. மின்சார இறைப்பொறி வந்தது. உழவுக்கு அம்மின்சாரம் விலையின்றியும் அளிக்கப்பட்டது. 1960ஆம் ஆண்டையொட்டி ஏறக்குறைய 9 இலட்சம் ஹெக்டேர் அளவிலிருந்த ஏரிப்பாசனம் பிற்காலத்தில் அதிற் பாதியளவாகச் சுருங்கிவிட்டது. பாசனம் பெறும் நிலத்துட் பாதிக்கு மேற்பட்டது இன்று கிணற்றையே நம்பியுளது. ஆழ்கிணறு வெட்ட வசதியுடையவர், ஏரி நிரம்பினாலென், வற்றினாலென் என்று ஒதுங்கினர். ஊர்க்கூட்டத்தில் சொற்செல்லும் பெரியவர்களே பெரும்பாலும் அங்ஙனம் ஒதுங்கியவர்களாதலின், ஏரிக்காகப் பேசுவார் இலராயினர். ஆயினும், அக்கிணறுகளுக்கு ஊற்று எங்கிருந்து வருகின்றது? ஏரி நிரம்பிய ஆண்டில் கிணற்று நீர்மட்டம் உயர்வதை அவர்கள் கண்ணாரக் காண்கின்றனர். ஏரியைக் கைவிட்டவன் தன் கிணற்றையே தூர்க்கின்றான் என்பது அவனுக்கு எட்டவில்லை.

சர்க்கார் ஒன்றும் செய்யவில்லை என்பது நம் கருத்தன்று. 2000ஆம் ஆண்டில், பாசன அமைப்புகளை உழவரே மேலாண்மை செய்வதற்கெனத் தமிழ்நாட்டிற் சட்டமொன்று இயற்றப்பெற்றது. அதன்படி நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்கள் அமைந்தன, தேர்தல்கள் நடந்தன. 2007ஆம் ஆண்டில் உலக வங்கியின் கடனுதவியுடன் தொடங்கிய பெருந்திட்டமொன்று பல ஆற்றுப்படுகைகளில் ஏரிகளையும் அணைக்கட்டுகளையும் சீர்செய்தது. 2017ஆம் ஆண்டில் குடிமராமத்து என்னும் பழம்பெயராலேயே 100 கோடி ரூபாய்ச் செலவில் பணிகள் தொடங்கப்பெற்றன. பத்தில் ஒரு பங்கை உழவர் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தருதல் வேண்டுமென்பது அதன் விதி. இவற்றாற் பல கரைகள் உயர்ந்தன, பல மதகுகள் புதுப்பிக்கப்பட்டன என்பதை மறுப்பார் இலர்.

ஆனால், மதகைப் புதுப்பித்தல் வேறு. மதகை ஆளுதல் வேறு. எவ்வேலை முதலில் வேண்டும், எவ்வளவு செலவாகும், எந்நாளில் மதகு திறக்கப்படும், எம்முறையில் நீர் பங்கிடப்படும் என்பனவற்றை முடிவுசெய்யும்போது உழவன் எங்கே நிற்கின்றான் என்பதே உரைகல். முடிவெல்லாம் வேறிடத்திலாகி, பத்தில் ஒரு பங்கைத் தருதற்கும், முடிந்த வேலைக்குக் கையொப்பமிடுதற்கும் மட்டுமே அவன் அழைக்கப்படுவானாயின், அது 1858ஆம் ஆண்டின் குடிமராமத்தே. பெயரில் மட்டுமன்று, பொருளிலும் அதுவே.

அண்டை நாடாகிய ஆந்திரம் இதில் நமக்கு ஒரு படிப்பினை தந்துளது. அங்கே 1997ஆம் ஆண்டிற் சட்டம் வந்தது. அவ்வாண்டு ஜூன் மாதத்திலேயே பதினாயிரத்திற்கு மேற்பட்ட சங்கங்களுக்குத் தேர்தல் நிகழ்ந்தது. உலகிலேயே இத்துணை விரைவில் உழவரிடம் பாசனப் பொறுப்பை ஒப்புவித்த நாடு இல்லையெனப் புகழ்ந்தனர். சங்கங்களுக்குப் பணமும் வந்தது; கால்வாய்கள் பல சீராயின. எனினும், கூடிப்பேசிப் பழகுமுன் தேர்தலும், தேர்தல் முடியுமுன் பணமும் வந்தமையால், பல விடங்களில் தலைவர் பதவி ஒப்பந்தக்காரர் பதவியாக மாறிற்றென அதனை ஆய்ந்தோர் எழுதியுளர். வித்திட்டு முளைவிடுமுன் கதிரறுக்கச் சென்றாற்போலாயிற்று.

இதற்கு மறுதலையாய் நின்ற முயற்சியொன்றை இலங்கையிற் காண்கின்றோம். அந்நாட்டின் கீழ்ப்பகுதியிலுள்ள கல் ஓயா என்னும் பெருந்திட்டத்தில், இடதுகரைக் கால்வாய் பழுதுற்று, கடைமடைக்கு நீர் சேராது, தலைமடையாரும் கடைமடையாரும் பகைத்து நின்றனர். அதிகாரிகளே அதனை நாட்டிலுள்ள திட்டங்களுள் மிகச் சீர்கெட்டதெனக் கருதினர். அன்றியும், 1956ஆம் ஆண்டு இனக்கலகத்திற் குருதி சிந்திய பள்ளத்தாக்கு அது. தலைமடைப் பகுதியிற் பெரும்பாலோர் சிங்களர். கடைமடையில் தமிழ்பேசும் உழவரும் இருந்தனர். இத்தகைய இடத்திலே, 1980ஆம் ஆண்டு தொடங்கி, கொழும்பிலிருந்த கமத்தொழில் ஆராய்ச்சிப் பயிற்சி நிலையமும், அமெரிக்க நாட்டுக் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து உழவரை ஒன்றுகூட்ட முற்பட்டன.

அவர்கள் கையாண்ட முறை நம் ஆழ்ந்த கவனத்திற்குரியது. பட்டம் பெற்ற இளைஞரும் இளம்பெண்களும் தேர்ந்தெடுக்கப்பட்டு, ஊர்களிற் சென்று உறைந்தனர். அவர்கள் சட்டம் பேசவில்லை, சங்கம் பதிவுசெய்யவுமில்லை. வயற்கால்வாய்தோறும் பத்துப் பதினைந்து உழவரைக் கண்டு, அக்கால்வாயின் குறை யாதெனக் கேட்டனர். முதலில் வேலை, பின்னர் அமைப்பு என்பது அவர்கள் கொள்கை. கால்வாயைத் தூர்வாரிய உழவர், அடுத்து நீரை முறைவைத்துப் பங்கிட்டனர். அதன் பின்னரே தமக்குள் ஒருவரைப் பலரும் ஒருமனப்பட்டுப் பேராளராகத் தெரிந்தெடுத்தனர். அப்பேராளருக்கு ஊதியமில்லை. 1981ஆம் ஆண்டுக் கோடையில் நீர்த்தேக்கத்தில் நாலிலொரு பங்களவே நீர் இருந்தது. அவ்வறட்சியிலும், தலைமடை உழவர் சிலர் தம் முறையிற் சிக்கனஞ் செய்து, கடைமடைக்கு நீர் விட்டனர். அவர்கள் விட்ட நீர் தமிழர் வயலையும் அடைந்தது. இவற்றையெல்லாம் அம்முயற்சியில் உடனிருந்த நார்மன் அப்ஹாப் என்னும் பேராசிரியர், 1992ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விரிவாக எழுதியுளார். உழவர் பொறாமையால் ஒன்றுகூடார் என்னும் நம் ஐயத்திற்கு இதனிற் சிறந்த விடை வேண்டுமோ?

இனி, எதிர்வாதங்களை ஆராய்வோம். நம் கருத்தை மறுப்போர் மூன்று கூறுவர்.

முதலாவது, உழவர்க்குப் பொறியியல் அறிவு இல்லை என்பது. அணைக்கட்டின் பாரந்தாங்கும் வலிமையைக் கணிப்பதற்குப் பொறியாளர் வேண்டும்; அதில் ஐயமில்லை. ஆயினும், எவ்வயல் மேடு, எவ்வயல் பள்ளம், எவ்விடத்திற் கரை கசியும், எந்நாளிற் பயிர் நீர்கேட்கும் என்பவற்றை உழவனே அறிவான். ஸ்பெயின் நாட்டு வலென்சியா நகரில் எட்டுக் கால்வாய்களின் உழவர் தேர்ந்தெடுத்த பேராளர், வியாழக்கிழமைதோறும் நண்பகலில் அந்நகரத் தலைமைக்கோயில் வாயிலிற் கூடி, நீர்வழக்குகளை வாய்மொழியாகவே விசாரித்துத் தீர்ப்பளிக்கின்றனர். வழக்கறிஞர் இல்லை, தாமதமில்லை. பல நூற்றாண்டாக நிலவும் அம்மன்றம் ஸ்பெயினிற் சட்டம் ஏற்றுக்கொண்ட நீதிமன்றமே. 2009ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனமும் அதனை உலகின் மரபுச்செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது. அதே 2009ஆம் ஆண்டில் எலினார் ஆஸ்ட்ரம் என்னும் அம்மையார், பொதுச்சொத்தை மக்களே விதிவகுத்துக் காத்தல் இயலும் என்பதைப் பல நாட்டுச் சான்றுகளால் நிறுவியதற்காகப் பொருளியலில் நோபெல் பரிசு பெற்றார். அவர் 1990ஆம் ஆண்டில் எழுதிய நூலில் எடுத்தாண்ட சான்றுகளுள் வலென்சியாவின் கால்வாய்களும் அடங்கும்.

இரண்டாவது, ஊரிடம் ஒப்புவித்தால் ஊர்ப்பெரியதனக்காரரே எல்லாவற்றையும் கைப்பற்றுவர் என்பது. இவ்வச்சம் பொய்யன்று, நாமும் இதனை அஞ்சுகின்றோம். நிலப்பட்டா உடையாரையே உழவரெனக் கொண்டால், குத்தகைக்கு உழுவோரும் வாரத்திற்கு உழுவோரும் வெளியே நிற்பர். பட்டாக்கள் பெரும்பாலும் ஆடவர் பெயரிலேயே உள்ளன. நடவும் களையெடுப்பும் பெண்டிர் கையில் உள்ளன. சேரியைச் சேர்ந்தார் கூட்டத்திற்கு வந்தாலும், நாற்காலி இருக்குமிடத்தில் நிற்கவேண்டிய நிலை சிலவிடங்களில் இன்னும் மாறவில்லை. ஆனால், இதற்குப் பரிகாரம் அதிகாரத்தை இலாகாவிலேயே வைத்திருத்தலோ? இலாகாவின் கதவையும் வலியவனே முதலில் தட்டுகின்றான். ஆங்கு நிகழ்வது மறைவில் நிகழும். ஊர்க்கூட்டத்தில் நிகழ்வது பலரறிய நிகழும். பலரறிய நிகழும் அநீதியைத் தடுத்தல் எளிது.

மூன்றாவது, இக்காலத்து உழவர்க்கு ஏரியில் அக்கறையில்லை என்பது. பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் வளைகுடா நாடுகளுக்கும் சென்றுவிட்டனர், வயல்கள் மனையாகின்றன, இனி யார் கூடுவர் என வினவுவர். இவ்வினா நம் மனத்தையும் வருத்துவதே. வீட்டுக்கு ஓராள் என்னும் பழைய விதி இன்று செல்லாது என ஒப்புக்கொள்கின்றோம். ஆள் தரவியலாத வீடு பணந் தரலாம். ஆனால், பயன் கண்கூடாய் இருப்பினன்றோ எவரும் எதனையும் தருவர்? அக்கறை இல்லாமையால் உரிமை தரவில்லை என்பது, நீந்தத் தெரியாமையால் நீரில் இறங்கவிடேன் என்பதை ஒக்கும்.

ஆகலின், நாம் வேண்டுவன நான்கு.

ஒன்று: மதகின் திறவுகோலும் அதனைத் திறக்கும் நாளைக் குறிக்கும் அதிகாரமும் ஆயக்கட்டுச் சங்கத்தினிடம் இருத்தல் வேண்டும். பொறியாளர் உடனிருந்து அறிவுரை கூறுக. கரைக்கு இடர்நேரும் வெள்ளக்காலத்தில் அவர் சொல்லே செல்லுக. ஏனைய நாளில் ஊரார் முடிவே முடிவாகுக.

இரண்டு: ஏரியால் வரும் வருவாயில் ஒரு பங்கு ஏரிக்கே உரியதாதல் வேண்டும். மீன்பாசி ஏலமும் கரைமர மகசூலும் எவ்வலுவலகத்துக் கணக்கிற் சென்றாலும், அதிற் குறித்த ஒரு கூறு சங்கத்தினிடம் வந்து, மதகு பழுதுபார்க்கவும் நீர்க்கட்டிக்குத் தக்க ஊதியம் தரவும் பயன்படுக. அந்நீர்க்கட்டி எக்குலத்தவராயினும், களத்துமேட்டிற் கைநீட்டி நில்லாமல், கூட்டத்தில் நாற்காலியிலமர்ந்து ஊதியம் பெறுக.

மூன்று: நீரால் வாழ்வோர் அனைவரும் உறுப்பினராதல் வேண்டும். பட்டாதாரரோடு குத்தகையாளரும், ஆடவரோடு பெண்டிரும், கடைமடையாருக்குத் தனியிடமும் அமைக. கிணற்றுக்காரர் விலகி நிற்கலாகாது. அவர் கிணற்று ஊற்றும் ஏரியின் கொடையே ஆதலின், அவரும் பங்கு செலுத்துக.

நான்கு: கணக்கு ஆண்டுதோறும் ஊரறியப் படிக்கப்படுக. கணக்குக் காட்டாதவர் மீண்டும் பதவிக்கு வாராதிருக்க. இவ்விதியைப் பிறநாட்டினின்று கடன்வாங்க வேண்டுவதில்லை; உத்தரமேரூர்ச் சுவரிலேயே உளது.

இவற்றுள் எதுவும் ஓராண்டில் நிறைவேறுமென நாம் கருதவில்லை. ஓர் ஏரியில் தொடங்கி, ஒரு சங்கிலியில் விரிந்து, பின்னரே ஒரு படுகைக்குச் செல்லுதல் வேண்டும். விரைந்து செய்த ஆந்திரமும், பொறுத்துச் செய்த கல் ஓயாவும் நம் கண்முன் உள்ளன.

இறுதியாக, நம் மாணவ நண்பர்க்கு ஒன்று கூறி முடிக்கின்றோம். கல் ஓயாவில் ஊரூராய்ச் சென்று உறைந்தோர் நம்மையொத்த வயதினர்; நம்மையொத்த பட்டதாரிகள்; அவர்களுட் பலர் உழவர் வீட்டுப் பிள்ளைகள். அவ்வேலை நிலையான உத்தியோகமன்று. ஆசிரியர் முதலிய நிலையான பதவி கிடைத்தபோது, முதலில் வந்தோருட் பெரும்பாலோர் விலகிச் சென்றனர் என்பதையும் மறையாது கூறுதல் கடன். அவர்களைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. நம் வீட்டிலும் அதையே நம்மிடம் எதிர்பார்க்கின்றனர். ஆனால், அவர் சென்ற பின்னரும் உழவர் கூட்டங்கள் கலைந்துவிடவில்லை. ஓரிரண்டாண்டே ஓரூரில் தங்கிய இளைஞரால் இவ்வளவு விளைந்ததாயின், அவ்வூரிலேயே பிறந்த நாம் ஒரு விடுமுறையேனும் அதற்கு அளிக்கலாகாதோ?

நம் கல்லூரியிற் பயில்வோருட் பலர் கண்மாய்க்கரை ஊரினர். விடுதிக்கட்டணம் செலுத்தும் ரூபாயில் நெல்மணம் இன்னும் போகவில்லை. ஆயினும், நம் ஊர் ஏரிக்கு மதகு எத்தனை, கடைமடை எது, சங்கத் தலைவர் யாரென வினவினால், விடைகூறுவார் சிலரே. நாமும் சென்ற கோடைவரை அறிந்திலோம். வரும் விடுமுறையில் ஊருக்குச் செல்வோர், ஒருநாட் காலையில் வரத்துக்கால் தொடங்கிக் கடைமடை வரை நடந்து, கண்டதை ஒரு தாளில் எழுதிவருக. எவ்விடத்தில் நீர் நின்றது, யாரிடம் யார் பேசுவதில்லை, எம்மனு எத்துணைக் காலமாய்க் கிடக்கின்றது என்பனவற்றை எழுதுக. அதனை ஊரார் கூட்டத்திற் படிக்க. கூட்டமே இல்லையெனின், அதனைக் காரணமாகக் கொண்டு கூட்டம் ஒன்று கூட்டுக. கற்றவன் ஊருக்குச் செய்யும் கைம்மாறு உரையாற்றுதலன்று. பலரும் பேசக்கேட்டு, அதனை ஒழுங்காய் எழுதித்தருதலே ஆம்.

நாம் கண்ட அம்முதியவரை மறக்கவியலவில்லை. விடைபெறும்போது அவர், “அந்த ஷட்டரை நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், சர்க்கார் சம்மதிக்குமா, தம்பி?” என்று கேட்டார். நம்மிடம் விடையில்லை. அவர் பணங்கேட்கவில்லை, ஆள் கேட்கவில்லை. தன் வயலுக்கு நீர்தரும் மதகைத் தானே செப்பனிட உத்தரவு கேட்டார். அவ்வுத்தரவை அவர் எவரிடமும் கேட்கவேண்டாத நாளே, நம் ஏரிகள் மீண்டும் ஊராருடையனவாகும் நாள். அந்நாள் விரைவில் வருக!